கரண்ட் போன ஒன்பது சுற்று

தாராசுரம்
3 பிப்ரவரி 2025

எழில்,

பதினாறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ குடவாசல் மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீட்டு முகவரி தெரியாததால் அலுவலகத்துக்கே பதிவுத் தபால் அனுப்புகிறேன். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒப்புகை அட்டையும் சேர்த்திருக்கிறேன், கடிதம் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சனிக்கிழமை பாபநாசம் பக்கத்தில் ஒரு ப்ராக் ராக் விழா நடந்தது, நாம் வாசித்தோமே அதே நீளமான ராக் இசைதான். அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பதில் வைக்கோல் கட்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கூட்டம், இருபது நிமிடப் பாட்டை நின்றபடியே கேட்கிற பொறுமைசாலிகள். நாம் வாசித்த காலத்தில் மூன்றாவது நிமிடமே "ஒரு குத்துப் பாட்டு போடுங்கம்மா" என்று கத்துவார்களே, அப்படி ஒருவர்கூட இல்லை.

மாலை ஐந்து மணிக்கு 'ஈரமண்' என்று ஒரு ட்ரிப்யூட் பேண்ட் ஏறியது. அவர்கள் சொந்தமாக ஒன்றும் வாசிப்பதில்லை. பழைய குழு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இசையை அச்சு மாறாமல் மேடையில் வாசிப்பார்கள். இந்த வருடம் அவர்கள் எடுத்துக்கொண்ட குழு நாற்றங்கால். நம் நாற்றங்கால்தான். நீ கிட்டார், நான் கீபோர்டு, ஜாஃபர் சாதிக் டிரம்ஸ். முந்நூறு சி.டி. போட்டு, அதில் பாதியை இன்னும் என் வீட்டுப் பரணில் அடைத்து வைத்திருக்கிறேனே, அதே நாற்றங்கால்.

நம் 'முறைத் தண்ணீர்' பாட்டு முழுசாக, இருபத்தொரு நிமிடம். நன்றாகவே வாசித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பதின்மூன்றாவது நிமிடம் வரைக்கும். அங்கே கீபோர்டும் கிட்டாரும் சட்டென்று அடங்கின. டிரம்ஸ் மட்டும் தனியாகப் போனது. எண்ணினேன், தாளத்தில் ஒன்பது சுற்று. பிறகு இருவரும் ஒரே அடியில் உள்ளே வந்தார்கள். ஆர்கன் சத்தத்தில் நின்ற கீபோர்டு, பியானோ சத்தத்தில் திரும்பி வந்தது.

எழில், அந்த ஒன்பது சுற்று சி.டி.யில் கிடையாது. 2008 ஆகஸ்ட்டில், உங்கள் அப்பாவின் இன்ஜின் கொட்டகையில் பதிவு செய்தபோது, பனைமட்டை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போனது. கீபோர்டும் உன் கிட்டாரின் ஒலிபெருக்கி ஆம்பும் செத்தன. ஜாஃபர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தான். வெளியே நின்ற உங்கள் அப்பா ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார், நாம் மறுபடி சேர்ந்துகொண்டோம், கரண்ட் போய் வந்ததில் என் கீபோர்டு தானாகவே பியானோ சத்தத்துக்கு மாறியிருந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியதால் எல்லாம் பதிவானது. சென்னை ஸ்டூடியோவில் நான்தான் அந்த ஒன்பது சுற்றை வெட்டி எடுத்தேன்.

கொட்டகைக்குள் இருந்தது மூன்று பேர். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜாஃபர் மறு வருடமே மலேசியா போய்விட்டான், இங்கே இருந்தபோதே வாய் திறக்காதவன். மிச்சம் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் இடிக்கிறது. ஈரமண் குழுவின் தலைவி தமிழ்நிலா ஒரு படிவம் அனுப்பியிருக்கிறாள். உனக்கும் அனுப்பியிருக்கிறாளாம். மேடையில் வாசித்ததன் பதிவு மார்ச் 15 அன்று வெளிவருகிறது. 'முறைத் தண்ணீர், இசை' என்று போட்டு எதிரே காலியாக விட்டிருக்கிறாள். கீபோர்டும் கிட்டாரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு பெயரை எழுதித் தர வேண்டுமாம். சி.டி. உறையில் 'இசை: மாளவிகா' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது? யார் கிளப்பிவிட்டார்கள்?

நான் இணையத்தில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன். என்னைப் பற்றிய பக்கத்தில் முதல் வரியே 'முறைத் தண்ணீர் இசையமைத்தவர்' என்பதுதான். அந்த வரியில் கை வைக்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்றால், நேராகச் சொல்லிவிடு.

மாளவிகா


குடவாசல்
8 பிப்ரவரி 2025

திருமதி மாளவிகா அவர்களுக்கு,

தங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டாயிற்று, பத்திரப்படுத்திக்கொள்ளவும். என் அலுவலகத்தில் பதிவுத் தபால் வந்தால் ஏதோ விசாரணை என்று அர்த்தம். பிரித்துப் படிக்கும்வரை நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தபிறகும் விசாரணை மாதிரிதான் இருந்தது.

அந்த விழாக்காரர்கள் ஏற்கெனவே என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ். நாம் மூன்று பேரும் கொட்டகை வாசலில் நிற்கும் பழைய படம், மேலே 'நாற்றங்காலுக்கு இசை அஞ்சலி'. பட்டணத்துப் பிள்ளைகள், நம் ஊரில் எந்தப் படத்துக்கு மேல் அந்த வார்த்தையைப் போடுவார்கள் என்று யோசிக்கவில்லை. எங்கள் லைன்மேன் வேம்பு கம்பத்திலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக ஓடி வந்து, "மேடம், அந்தக் கண்ணாடி போட்ட அம்மா எப்ப தவறினாங்க? சொல்லவே இல்லையே" என்று கேட்டார். நீதான் கண்ணாடி போட்ட அம்மா. நல்லாத்தான் இருக்காங்க, தாராசுரத்துல என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

சரி, மரியாதை போதும்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? லேப்டாப் உன் அண்ணனுடையது. பதிவு உன்னிடம். வெட்டியது நீ. வெட்டிய துண்டு எங்கே இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நான் அந்த விழாவுக்குப் போகவும் இல்லை, அன்று எனக்கு டியூட்டி.

நான் யோசித்துப் பார்த்தேன். நீயே அந்த முழுப் பதிவையும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறாய். பெரிய பத்திரிகையில் உன்னைப் பற்றி நாலு வரி வர வேண்டும். 'வெட்டுப்பட்ட ஒன்பது சுற்று கிடைத்தது' என்றால் செய்திதானே? கிட்டாரும் கீபோர்டும் ஊமையாக விரலை ஓட்டிக்கொண்டு நிற்கிற அந்த வித்தையும் உன் யோசனையாகத்தான் இருக்கும். பிறகு எனக்கு ஒரு பதிவுத் தபால். நான் பயந்துபோய் 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று என் கையால் எழுதித் தருவேன். அதை நீ தமிழ்நிலாவிடம் காட்டுவாய். 'பாரும்மா, அவளே சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டாள்' என்பாய். அதற்குத்தானே உனக்கு எழுத்தில் பதில் வேண்டும்?

அதனால் தெளிவாக எழுதுகிறேன், நீயும் தெளிவாகப் படி. முறைத் தண்ணீரில் எனக்குச் சம்பந்தம் உண்டு. என் அப்பாவின் ஆயில் இன்ஜின் ஏழாவது அடியில் ஒரு மூச்சு விட்டு எட்டாவதுக்குப் போகும். அந்தத் தாளத்தைப் பிடித்து, இருபத்தொரு நிமிடத்தையும் நான் வாயால் பாடிக் காட்டினேன். எனக்கு நோட்டேஷன் எழுதத் தெரியாது. நீ எழுதினாய். எழுதிய தாள் உன் கையெழுத்தில் இருந்ததால் அது உன்னுடையது ஆகிவிட்டது.

இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழில்மொழி


தாராசுரம்
12 பிப்ரவரி 2025

எழில்,

விழாவுக்குப் போகவில்லை, டியூட்டி என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியிலேயே 'ஊமையாக விரலை ஓட்டிக்கொண்டு நிற்கிற வித்தை' என்று எழுதியிருக்கிறாய்.

என் கடிதத்தின் நகல் என் முன்னால் இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். இருவரும் அடங்கினார்கள் என்று எழுதினேனே தவிர, விரலைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. தமிழ்நிலாவிடம் கேட்டேன், வீடியோ எதுவும் இன்னும் வெளியிடவில்லையாம், மேடைக்கு முன்னால் போன் எடுக்கவும் விடவில்லை. அப்படியென்றால் உனக்கு எப்படித் தெரியும்?

இரண்டில் ஒன்றுதான். நீ அங்கே வந்திருக்கிறாய். அல்லது அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. எது என்றாலும் எனக்கு எழுதியது பொய்.

ஜெராக்ஸ் எடுத்து வைத்ததும் நல்லதாகப் போயிற்று. எடுத்துப் படித்துப் பார், உன் பொய் உனக்கே தெரியும்.

பிறகு, நோட்டேஷன் விஷயம். எழுதுவது என்றால் ஏதோ சொன்னதைக் காகிதத்தில் இறக்குகிற குமாஸ்தா வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பாடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி பாடுவாய். ஏழாவது அடியில் உன் மூச்சு எவ்வளவு நீளம் என்று பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதைப் பற்றி உன் ஜெராக்ஸில் ஒரு வரியும் இல்லை.

மார்ச் முதல் வாரத்துக்குள் படிவம் போகாவிட்டால் 'இசை: தெரியவில்லை' என்று போட்டு வெளியிடுவதாகத் தமிழ்நிலா சொல்கிறாள். இருவருக்கும் நஷ்டம். நான் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, என் பெயரை எழுதி, உனக்கு அனுப்பத் தயார். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். யோசி.

மாளவிகா


குடவாசல்
17 பிப்ரவரி 2025

மாளவிகா,

வந்திருந்தேன்.

டியூட்டியை மாற்றிவிட்டு, யாருக்கும் சொல்லாமல், ஸ்கூட்டியில் பாபநாசம் வரைக்கும் வந்தேன். வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். என் கையில் காகித வளையம் கட்டிய பெண், "ஆன்ட்டி, உள்ளே சத்தம் அதிகமா இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். நான் பாடிக் காட்டிய இசையைக் கேட்க நானே டிக்கெட் எடுத்து, ஆன்ட்டி என்று பெயரும் வாங்கிக்கொண்டு நின்றதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதற்காகச் சொன்ன பொய் அது. வேறு ஒன்றும் இல்லை.

கடைசி வரிசை வைக்கோல் கட்டில், டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீ முன்னால் எங்கேயோ இருந்திருக்கிறாய். பார்த்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அவர்கள் மேடையில் நின்ற விதத்தைக் கவனித்தாயா? நடுவில் டிரம்ஸ், கூட்டத்தைப் பார்த்து. கீபோர்டுக்காரி இடது ஓரமாகத் திரும்பி, கிட்டார்க்காரன் வலது ஓரமாகத் திரும்பி, ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு. எந்தக் குழு அப்படி நிற்கும்? நம் கொட்டகையில் நாம் அப்படித்தான் நின்றோம். ஒரே பிளக் சுவரோரம் இருந்ததால் நீ சுவரைப் பார்த்து. அப்பாவுக்குச் சைகை காட்ட நான் வாசலைப் பார்த்து.

பிறகு அந்த ஒன்பது சுற்று. கிட்டார்க்காரனின் சத்தம் நின்றது, கை நிற்கவில்லை. வெறும் கம்பியில் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் கரண்ட் போனதும் நான் நிறுத்தவில்லை. ஆம்ப் செத்துப்போன கிட்டாரில் ஒன்பது சுற்றும் வாசித்தேன். ஜாஃபரின் அடிக்கு முன்னால் அது யாருக்குக் கேட்கும்? ஜெனரேட்டர் பிடித்ததும் நான் சரியான இடத்தில் இருந்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாய், என் சத்தம் வந்ததும் என்னைக் கேட்டுத் தொற்றிக்கொண்டாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீ உறையில் உன் பெயரைப் போட்டபோது எனக்கு அப்படி எரிந்தது. நான் பிடித்து வைத்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டவள் என்று.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் வாசித்தது உனக்குத் தெரியாது, என் முதுகு உன் முதுகுக்குப் பின்னால். பதிவிலும் இருக்காது, அது சத்தம் இல்லாத வாசிப்பு. ஆக, நீ எதைக் கொடுத்திருந்தாலும் அந்தக் கிட்டார்க்காரனின் விரலுக்கு அது போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதோடு, கீபோர்டுக்காரியின் பத்து விரலும் ஓடினவே. அது ஏன்?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். படிவத்தை ஓரமாக வை. அன்றைக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? எனக்குச் சாதகமாகவும் எழுதாதே, உனக்குச் சாதகமாகவும் எழுதாதே.

எழில்


தாராசுரம்
21 பிப்ரவரி 2025

எழில்,

வாசித்தேன்.

விளக்கு அணைந்த கீபோர்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது சுற்றும் வாசித்தேன். நீ நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். நீ கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டதாகக்கூட எனக்கு ஒரு ஞாபகம், அது பொய் ஞாபகம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஜெனரேட்டர் பிடித்தபோது நான்தான் இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன், நீ என்னைக் கேட்டுச் சேர்ந்துகொண்டாய் என்று நினைத்தேன். ஸ்டூடியோவில் அந்தத் துண்டை வெட்டும்போது, எழில் விட்டுவிட்ட இடம்தானே, போகட்டும் என்றுதான் வெட்டினேன்.

விழாவில் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. என்னை யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று. அது நீதான், எப்போதோ திரும்பிப் பார்த்து மனதில் வைத்திருந்தாய், இப்போது என்னைக் கேலி செய்ய மேடையேற்றிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். அதனால்தான் முதல் கடிதத்தில் விரலைப் பற்றி எழுதவில்லை. நீயாக உளறுவாய் என்று காத்திருந்தேன். உளறினாய். ஆனால் நான் நினைத்தது வேறு, கிடைத்தது வேறு.

நீ என் கையைப் பார்த்திருக்க முடியாது, நான் உன் கையைப் பார்த்திருக்க முடியாது. இருவர் கையையும் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவன் ஒருவன்தான். அவனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஜாஃபர் எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு அவன் வீட்டுத் தெருப் பெயர்கூட மறந்துவிட்டது.

கேட்டுவிட்டாய், அதனால் மீதியையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இனி எப்போதும் எழுதமாட்டேன்.

ஸ்டூடியோவில் உறை தயாரிப்பவர் என் நோட்டேஷன் தாள்களைப் புரட்டிவிட்டு, "கம்போசர் நீங்கதானே மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. திட்டம் போட்டு உன்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டபோது உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, வந்தும் சொன்னேன். நீ வேலைக்குப் போய்விடுவாய், பொறியாளர் ஆகிவிடுவாய், எனக்கு இது ஒன்றுதான் என்று நினைத்தேன். பிறகு அந்த ஒரு வார்த்தையின் மேல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டேன். வகுப்புகள், என் பக்கம், என்னைப் பற்றி நான் மற்றவர்களிடம் சொல்வது எல்லாம். அதைத் தள்ளினால் என்ன மிஞ்சும் என்று தெரியாததால்தான் உனக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்.

இருபத்தொரு நிமிடமும் நீ பாடியது. நான் எழுதினேன்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்நிலாவிடம் காட்டமாட்டாய் என்று நம்பலாமா என்று தெரியவில்லை. நம்பாமலேயே அனுப்புகிறேன்.

மாளவிகா


குடவாசல்
27 பிப்ரவரி 2025

மாலு,

உன் கடிதம் வந்த அன்று பீரோவுக்கு அடியிலிருந்து நம் சி.டி.யைத் தேடி எடுத்தேன். முன்பக்கத்தில் 'இசை: மாளவிகா'. பதினாறு வருடமாக அதை நினைத்து நினைத்தே வயிறு எரிந்தவள், அன்றைக்கு ஏனோ திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில்: 'தொடர்புக்கு: ஜாஃபர் சாதிக், மே/பா ஹஸ்ஸான் பெயிண்ட் கடை, கடைத்தெரு, கூத்தாநல்லூர்.'

ஞாபகம் வருகிறதா? நாம்தான் போடச் சொன்னோம். உன் வீட்டு முகவரி போட்டு, யாரோ ஒரு ஆண்பிள்ளை 'உங்கள் இசை பிடித்திருக்கிறது' என்று எழுதிவிட்டால் உன் அப்பா கீபோர்டை விற்றுவிடுவார். என் வீட்டில் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஜாஃபரின் மாமா கடை. நாம் பயந்துகொண்டு போட்ட முகவரியை நாமே மறந்துவிட்டோம். தமிழ்நிலா மறக்கவில்லை, அவள் முதல் முதலாகப் பார்த்தவளாயிற்றே. சி.டி. கையில் கிடைத்தது, பின்னால் முகவரி இருந்தது, கடிதம் போட்டாள். இவ்வளவுதான் சதி.

ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூர் போனேன். கடை அப்படியே இருக்கிறது. மாமா இல்லை, ஜாஃபர்தான் கல்லாவில். மலேசியாவிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறதாம். பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தவன், ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, "அவளையும் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்று வாசலைப் பார்த்தான்.

ஏண்டா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவகூட பேசுனா எங்கிட்ட பேசாதன்னு நீ சொன்ன. அதே வாரம் அவளும் வந்து அதையே சொன்னா. நான் யாருகிட்ட பேசுறது? அதான் ரெண்டு பேருகிட்டயும் பேசலை. நீங்க ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை போல."

எனக்குத் தலை நிமிரவில்லை, மாலு. நாம் பெயருக்காக அடித்துக்கொண்டோம், அவன் பெயர் உறையில் முகவரியாக மட்டும் இருந்தது.

ஒன்பது சுற்றைக் கேட்டேன். நீ நிறுத்தாமல் வாசித்ததால்தானே நாங்கள் திரும்பி வர முடிந்தது என்றேன். சிரித்தான்.

"நான் நிறுத்திருப்பேன். கரண்டே போயிடுச்சு, இனிமே என்னன்னு குச்சியைக் கீழ வைக்கப் போனேன். நிமிர்ந்து பாத்தா, அங்க ஒருத்தி சுவத்தப் பாத்து வாசிக்கிறா, இங்க ஒருத்தி வாசலப் பாத்து வாசிக்கிறா. சத்தமே இல்லாம. ஒரே இடத்துல இருக்கீங்க, ஒரு அடி கூட விலகல. எப்படி நிறுத்துறது? அந்தப் பிள்ளைங்க வந்து கேட்டப்ப, அந்த எடத்துல நான் என்ன வாசிச்சேங்கறது முக்கியமில்லம்மா, நீங்க ரெண்டு பேரும் கைய நிறுத்தாதீங்கன்னு சொல்லிக்குடுத்தேன்."

இசை யார் என்று தமிழ்நிலா அவனிடமும் கேட்டிருக்கிறாள். அது அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லவேண்டியது என்று சொல்லிவிட்டானாம். அதனால்தான் நமக்கு அந்தப் படிவம்.

இதோடு இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று, உன் 21ஆம் தேதிக் கடிதம். திருப்பி அனுப்புகிறேன். ஜெராக்ஸ் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. நேற்று அதைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவது, என் படிவம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் கையெழுத்தையும் போட்டு, பெயரையும் நீ எழுதித் தமிழ்நிலாவுக்கு அனுப்பிவிடு.

தாத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் காலி இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. என் தாத்தா உங்கள் வீட்டுப் பண்ணையில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து, குடியிருந்த மனையை விட்டு எழுந்து வந்தவர். என் ரேங்க் கார்டைக்கூட அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நேற்று இதில் கையெழுத்துப் போட்டதை அவரிடம் சொன்னேன். "அந்த வீட்டுப் பொண்ணுகிட்டயா குடுக்குற?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். இருந்தாலும் சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன், அட்டை கிட்டை ஒன்றும் வைக்கவில்லை.

எழில்


தாராசுரம்
5 மார்ச் 2025

எழில்,

படிவம் ஒன்றாம் தேதி வந்தது. நான்கு நாள் என் மேஜையில் இருந்தது. இனியும் வைத்திருந்தால் முதல் வாரத்துக்குள் போய்ச் சேராது என்பதால் இன்று காலை அனுப்பிவிட்டேன்.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் நாள் உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா கேட்ட கேள்வியில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் தாத்தா வீட்டு இரும்புப் பெட்டியில் கைநாட்டு வைத்த வெற்றுத்தாள்கள் இருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதில் படம் வரைந்து விளையாடியிருக்கிறேன். அவை என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. உன் கடிதத்தைப் படிக்கும்வரை அவை என் நினைவுக்கே வரவில்லை.

இரண்டாம் நாள் என் பக்கத்தின் முதல் வரியை எடுத்துவிட்டேன். ஒரு குழந்தையின் அம்மா சிங்கப்பூரிலிருந்து போன் செய்து "ஏன் மேம் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். அது என் தோழி இசையமைத்தது, நான் எழுதி வைத்தேன் என்று சொன்னேன். "ஓ" என்றார். அந்தக் குழந்தை இந்த வாரம் வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் ஜாஃபர் கடைக்குப் போன் செய்தேன். மாளவிகா பேசுகிறேன் என்றதும் "எழில்கிட்டயும் பேசலாம்ல இனிமே?" என்று கேட்டான்.

படிவத்தில் இப்போது இப்படி இருக்கிறது: இசை, எழில்மொழி. நோட்டேஷனும் கீபோர்டும், மாளவிகா. டிரம்ஸ், ஜாஃபர் சாதிக். ஒரு பெயர்தான் கேட்டார்கள், இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். கீழே உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது.

இதோடு முடித்திருக்கலாம். நீ சந்தோஷப்பட்டிருப்பாய். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை அனுப்பினால், பதினைந்தாம் தேதி வந்ததும் மறுபடி எனக்கு உன் மேல் சந்தேகம் வரும், இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று.

நேற்று, நான்காம் நாள், அந்தக் காலி இடத்தில் முதலில் பென்சிலால் என் பெயரைத்தான் எழுதினேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் கையெழுத்துக்கு மேலே அது நன்றாகத்தான் இருந்தது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு உன் பெயரைப் பேனாவால் எழுதினேன். நான் எப்போதும் அழுத்தி எழுதுகிறவள், அதனால் ரப்பருக்கு முழுசாகப் போகவில்லை. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உன் பெயருக்கு அடியில் என் பெயர் தெரிகிறது, எழில். தமிழ்நிலாவிடம் கேட்டு நீயும் ஒரு தடவை பார்த்துவிடு.

மாலு